முகமறி பொறியும் வாயிலின் உரிமையும்

சென்ற தவணை விடுமுறையில் எமது மேல்வகுப்பு மாணவர் சிலரும் சக ஆசிரியர் இருவரும் நாமுமாக ஓரிடத்திற் கூடி, ஷாலினி கந்தையா நெறிப்படுத்திய ‘கோடட் பயஸ்’ என்னும் விவரணப்படத்தைப் பார்த்தோம். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பெற்று, அடுத்த ஆண்டு நெற்பிளிக்ஸ் வழியாக உலகெங்கும் பரவிய படம் அது. அதன் பெயரைத் தமிழிற் சொல்வதாயின் ‘நிரலில் உறைந்த பாரபட்சம்’ எனலாம். மனித முகத்தைக் கண்டு ஆளை இன்னாரெனச் சொல்லும் பொறிகளே படத்தின் முதன்மைப் பொருள். படம் முடிந்ததும் மாணவி ஒருவர் எம்மை நோக்கி, “கறுப்பு முகங்களைப் பொறி சரிவர அறியவில்லை என்பதுதானே குற்றம், சேர்? அறியும்படி அதைத் திருத்திவிட்டால் பிறகு என்ன குறை?” என்று கேட்டார். அருகிலிருந்த நண்பரோ ஒரு கணமும் தாமதியாது, “பொறியைத் திருத்துவது பற்றிப் பேசத் தொடங்குவதே முதலாளி வர்க்கத்தின் வலையில் விழுவதாகும்” என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். மாணவியின் வினா எமக்குப் பிடித்திருந்தது. நண்பரின் தீர்ப்புப் பிடிக்கவில்லை. ஆயினும் அன்று இருவருக்கும் தக்க விடை கூற எம்மால் இயலவில்லை. படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துச் சிந்தித்தபோது, அவ்விருவருக்கும் இடையிலிருந்த அதே தடுமாற்றம் படத்தினுள்ளேயும் இருப்பதைக் கண்டோம்.

படத்தின் தொடக்கம் எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்வது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜோய் புவொலாம்வினி என்னும் கறுப்பினப் பெண், கலைக்கருவியொன்றைச் செய்யும் முயற்சியில் கணினிக் கமராவின் முன் அமர்கிறார். கமரா அவரது முகத்தை முகமென்றே கொள்ளவில்லை. வெள்ளை முகமூடியொன்றை எடுத்து அணிகிறார். உடனே பொறி முகத்தைக் கண்டுகொள்கிறது. முகமூடியைக் கழற்றினால் மீண்டும் அங்கே எவருமில்லை. இதனை நாடகாசிரியர் ஒருவர் மேடைக்கெனப் புனைந்திருந்தால், ‘பிரசாரம் மிஞ்சிவிட்டது’ என எமது அழகியல் விமர்சகர்கள் கண்டித்திருப்பர். வாழ்க்கை சிற்சில வேளைகளில் விமர்சகரின் சம்மதத்தை எதிர்பார்ப்பதில்லை.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 2018இல் அவரும் திம்னிற் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு. ருவாண்டா, செனகல், தென்னாபிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் படங்களை எடுத்து, மைக்ரோசொப்ற், ஐ.பி.எம்., சீனத்து பேஸ் பிளஸ் பிளஸ் ஆகிய மூன்றின் விற்பனைப் பொறிகளுக்குக் காட்டி, ‘இவர் ஆணா, பெண்ணா?’ என்று கேட்டனர். வெள்ளை நிற ஆண்களிடத்துப் பொறிகளின் பிழை நூற்றுக்கு 0.8ஐ மிஞ்சவில்லை. கருநிறப் பெண்களிடத்து அது நூற்றுக்கு 34.7 வரை சென்றது. மூவரில் ஒரு பெண்ணைப் பொறி ஆணென்றது.

இவ்வாய்வு ஆணா பெண்ணா என வகுப்பதைச் சோதித்ததேயன்றி, இவர் இன்னார் என அறிவதைச் சோதித்ததன்று. இவ்வேறுபாட்டைப் படம் போதிய அளவு தெளிவுறுத்தாது விரைந்து கடக்கிறது. வாயிலில் நின்று கதவைத் திறக்கும் பொறி செய்வது இரண்டாவது வேலை. அதன் பிழைகள் வேறு வகையின. அவை விளைக்கும் துன்பமும் வேறு வகையின.

பொறி எம்மைப் போல முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தை எண்களின் நிரையாக மாற்றி, முன்னர்ப் பதிந்து வைத்த நிரையோடு ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு நெருங்கியுள்ளன என்று கணிக்கிறது. எவ்வளவு நெருங்கினால் ‘இவரே அவர்’ என்று கொள்வது? அதற்கு ஓர் எல்லைக்கோடு இடப்படுகிறது. கோட்டை உயர்த்தினால் அந்நியர் உட்புகுவது குறையும்; ஆனால் வீட்டுக்குரியவரே வெளியே நிற்க நேர்வது கூடும். கோட்டைத் தாழ்த்தினால் உரியவர் எளிதில் நுழைவர். அவரை ஒத்த முகமுடைய வேறொருவரும் நுழைவர். ஒரே பொறியில் இரண்டு பிழைகளையும் ஒருங்கே குறைப்பதற்குப் பொறியையே மேலும் நன்றாகப் பழக்க வேண்டும். அன்றேல் வெளிச்சத்தையும் கமராவையும் செம்மைப்படுத்த வேண்டும். அதுவரை ஒரு பிழையைக் குறைப்பது மற்றதைக் கூட்டுவதே. எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பவர் யார்? கோட்டை இடும் கை கதவின் முன் நிற்பவருடையதன்று. துல்லியம் என்பது கணக்கு வாத்தியாரின் விடயம் மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2019 டிசெம்பரில் அமெரிக்க அரசின் நியமங்களுக்கும் தொழில்நுட்பத்துக்குமான தேசிய நிறுவனம், 99 ஆக்கதாரரின் 189 நிரல்களை ஏறத்தாழ 85 இலட்சம் பேரின் படங்களைக் கொண்டு சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒருவரை ஒருவரோடு ஒப்பிடும் வகையில், ஒருவரை இன்னொருவரெனத் தவறாக ஏற்கும் பிழை, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடத்தும் ஆசியரிடத்தும் பல நிரல்களில் 10 மடங்கு முதல் 100 மடங்கு வரை கூடியிருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நடுவயதினரைவிட முதியோரிடத்தும் சிறுவரிடத்தும் அப்பிழை மிகுதி. இதன் பொருளை வாயிலில் வைத்து நோக்குக. வெள்ளை ஆணின் வீட்டுக் கதவு இறுகப் பூட்டியிருக்கிறது. கறுப்பினப் பாட்டியின் கதவோ அவரைப் போன்ற முகமுடைய எவருக்கும் திறக்கும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்படும் பண்டம் பாதுகாப்பையே நிறத்துக்கு ஏற்பப் பங்கிடுகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை நாம் மிக முக்கியமானதாகக் கருதுகிறோம். ஆசிய நாடுகளில் ஆக்கப்பட்ட பல நிரல்களில் ஆசிய முகத்துக்கும் வெள்ளை முகத்துக்கும் இடையே அத்தகைய பெரும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே குறை முகத்தில் இல்லை, பொறி வளர்ந்த வீட்டில் உள்ளது என்றே நாம் கருதுகிறோம். 2007 முதல் இத்துறையினர் தம் பொறிகளை உரைத்துப் பார்த்த உரைகல் ஒன்றுண்டு: செய்தித்தாட் படங்களிலிருந்து திரட்டிய 5,749 பேரின் 13,233 படங்கள். அவருள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் ஆண்கள். ஐந்தில் நான்கு பங்கினர் வெள்ளையர். அத்தொகுதியில் ஜோர்ஜ் புஷ் ஒருவருக்கு மட்டும் 530 படங்கள்! ஈராக்கின் மீது போர் தொடுத்த ஜனாதிபதியின் முகத்தை நன்கு அறிந்த பொறி, அவரது வெள்ளை மாளிகையைக் கூட்டித் துடைப்பவரின் முகத்தை எங்ஙனம் அறியும்? இந்த உரைகல்லில் பேஸ்புக் 2014இல் நூற்றுக்கு 97.35 பெற்றது, அடுத்த ஆண்டு கூகிள் 99.63 பெற்றது. பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெற்ற மாணவனைப் புகழ்வதற்கு முன்னர், வினாத்தாளை ஆக்கியவர் யாரென்று பார்ப்பது எமது தொழிலிற் பழகிய வழக்கம்.

வர்ணப் புகைப்படச் சுருளின் வரலாறும் இத்தகையதே. வெள்ளைப் பெண்ணொருத்தியின் படத்தை அளவுகோலாக வைத்தே பல்லாண்டுகள் அமெரிக்கப் புகைப்படக் கூடங்களில் நிறம் சரிபார்க்கப்பட்டது. கருநிற முகங்கள் படத்தில் இருண்டு மறைந்ததைப் பற்றி நீண்ட காலம் எவரும் அக்கறை கொள்ளவில்லை. சொக்கலேற் செய்வோரும் மரத்தளபாடம் விற்போரும் தம் பண்டங்களின் பழுப்பு நிறபேதம் படத்தில் விழவில்லை என்று முறையிட்ட பின்னரே சுருளைத் திருத்த முனைந்தனர்.

ஆகவே எமது மாணவி கேட்டதில் நியாயம் உண்டு. பொறி திருந்தக்கூடியது, திருந்தியும் உள்ளது. 2018 ஆய்வு வெளிவந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதே மூன்று பொறிகளை மீண்டும் சோதித்தபோது, கருநிறப் பெண்களிடத்து மைக்ரோசொப்றின் பிழை நூற்றுக்கு 20.8இலிருந்து 1.52 ஆகவும், ஐ.பி.எம்.இன் பிழை 34.7இலிருந்து 16.97 ஆகவும் குறைந்திருந்தது. முன்னர் இயலாதென்று எவர் தடுத்தார்? எவரும் தடுக்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அவமானம் பகிரங்கமானதும் இயன்றது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வாயையும் மூக்கையும் மூடியபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. மிகச் சிறந்த பொறிகளிற்கூட, உரியவரை மறுக்கும் பிழை நூற்றுக்கு 0.3இலிருந்து ஏறத்தாழ 5 ஆக ஏறியது. வெள்ளையரின் முகமும் மூடப்பட்டிருந்தமையாற் போலும், மிக விரைவிலேயே பொறிகள் கவசமிட்ட முகத்தையும் கற்றுக்கொண்டன.

ஆனால் திருத்தம் வானத்திலிருந்து விழுவதன்று. பொறி கற்பதற்கு முகங்கள் வேண்டும். இதுவரை காணாத முகங்கள் வேண்டும். அவை எங்ஙனம் பெறப்பட்டன? இவ்விடத்தில் நாம் படத்திற்கு வெளியே சிறிது செல்ல வேண்டியுள்ளது. 2019 ஜனவரியில் ஐ.பி.எம். பாரபட்சத்தைக் குறைக்கும் நோக்குடன் பத்து இலட்சம் முகங்களின் தொகுதியொன்றை வெளியிட்டது. பொதுமக்கள் நண்பருக்கும் உறவினருக்குமென இணையத்தில் ஏற்றிவைத்த படங்கள் அவை. படத்திலிருந்தோரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நியூயோர்க் நாளேடொன்று இன்னொரு செய்தியை வெளிப்படுத்தியது. கூகிள் நிறுவனத்தின் புதிய கைப்பேசி, உடையவரின் முகத்தைக் கண்டதும் திறக்கும் வகையில் ஆக்கப்பட்டது. அது எல்லா நிறத்தவருக்கும் ஒப்ப இயங்கவேண்டுமென்ற நல்ல நோக்கத்தோடு முகங்கள் திரட்டப்பட்டன. அதற்கென ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டோர் அற்லான்ரா நகரில் வீடற்ற கறுப்பின மக்களை நாடிச் சென்றனர் என்றும், ஒரு முகத்துக்கு ஐந்து டொலர் பெறுமதியான பரிசு அட்டை கொடுக்கப்பட்டது என்றும் அந்நாளேடு எழுதியது. செய்தி வெளிவந்ததும் அவ்வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த ஐந்து டொலரை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். திறப்பதற்கென ஒரு கதவுமில்லாத மனிதனின் முகம், பிறருடைய கைப்பேசி பார்த்த மாத்திரத்தே திறப்பதற்கு மூலப்பொருளாகிறது. இரப்பரும் தேயிலையும் பருத்தியும் எந்த வழியாகச் சென்றனவோ அந்த வழியாகவே முகமும் செல்கிறது. பாரபட்சத்தை நீக்கும் வேலையே புதியதொரு சுரண்டலின் வாயிலாகிவிட்டது. துல்லியம் கூடக்கூட நீதியும் தானே கூடும் என்று நம்புவோர் இந்தக் கணக்கையும் ஏட்டில் எழுதிக்கொள்வாராக.

இனி, படத்தின் உயிர்நிலை என நாம் கருதும் பகுதிக்கு வருவோம். நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் பிறவுண்ஸ்வில் என்ற பேட்டையில் அற்லான்ரிக் பிளாசா என்னும் இரட்டைத் தொடர்மாடி உண்டு. எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள்; வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை; குடியிருப்பாளரிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், அவருள்ளும் பெண்கள் மிகுதி. அங்கே வாயிலைத் திறக்க மின்திறப்பு இருந்தது. நடைவழிகளில் கமராக்களும் முன்னமே இருந்தன. 2018இல் வீட்டுடைமையாளர், மின்திறப்புக்குப் பதிலாக முகமறி பொறியைப் பொருத்தப் போவதாக அறிவித்தார். குடியிருப்புப் பெண்கள் சிலர் கட்டடத்தின் கூடத்தில் நின்று இதுபற்றி அயலவருக்குத் துண்டுப்பிரசுரம் வழங்கினர். சில நாட்களில் அவர்களுக்கு நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. கூடம் கூடிநிற்பதற்குரிய இடமன்று என்று கூறிய அக்கடிதத்தோடு, கமராவிற் பிடித்த அவர்களது படங்களும் இணைக்கப்பட்டிருந்தன!

புதிய பொறி வருமுன்னரே பழைய கமரா தன் பணியைச் செய்துகாட்டிவிட்டது. அப்பெண்களின் படங்கள் பிழையாக அறியப்படவில்லை. மிகச் சரியாகவே அறியப்பட்டன. அதுவே அவர்களது அச்சம். ‘இது எம்மை அறியாது’ என்பது அவர்கள் சொன்ன ஒரு முறைப்பாடு. ‘இது எம்மை அறிந்துவிடும்’ என்பது மற்றொன்று. யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருடைய வீட்டுக்கு உறவினர் வந்து தங்கினார் என்றெல்லாம் குறித்துவைத்து, சிறு சிறு விதிமீறல்களைக் காட்டிப் பழைய குடிகளை வெளியேற்றினால் கூடிய வாடகைக்குப் புதிய குடிகளைக் கொணரலாமன்றோ? 2019 வசந்தத்தில் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர் கையொப்பமிட்டுச் சட்ட உதவியாளர் மூலம் மாநில வீடமைப்பு அதிகாரசபைக்கு எதிர்ப்பைத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவெம்பரில் உடைமையாளர் திட்டத்தைக் கைவிட்டார்.

இவ்வரலாற்றைப் படம் காட்டுகிறது. ஆயின் ஓடிச்செல்லும் வண்டியின் யன்னலினூடாகக் காட்டுகிறது. புறூக்ளின், லண்டன் வீதி, கூஸ்ரன் நகரப் பாடசாலை, சீனத்து ஹாங்சோ என்று படம் தாவித்தாவிச் செல்கிறது. இடையிடையே பொறிக்குரலொன்று எம்மை அச்சுறுத்துகிறது. கூஸ்ரனில் ஆசிரியரின் திறமையை இரகசியச் சூத்திரம் ஒன்று மதிப்பிட்ட கதை ஆசிரியராகிய எமக்கு நெஞ்சிற் தைத்தது. பாராட்டும் பரிசும் பெற்ற ஆசிரியரைச் சூத்திரம் தகுதியற்றவர் என்றது. தம் புள்ளி சரியா பிழையா என்று சோதிக்க அவருக்கு வழியில்லை. அவ்வாறு சோதிக்க இயலாமையையே சுட்டி, 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆசிரியர் சங்கத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. வாயிற்பொறிக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை: எவரும் சரிபார்க்க முடியாத துல்லியம், விற்பவனின் வாய்ச்சொல்லேயாகும். இவ்வுறவைப் படம் சொல்லாது விட்டுவிடுகிறது.

படத்தின் பெருங் குறை அதன் கதைமாந்தரைப் பற்றியது. புவொலாம்வினி அறிவும் துணிவும் வாய்ந்த பெண்மணி. அவரிடத்து எமக்கு மதிப்புண்டு. ஆயின் நெறியாளர் அவரை வீரநாயகியாக்கி, 2019 மேயில் வாஷிங்ரன் சட்டமன்றக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளிப்பதை உச்சக் காட்சியாக்குகிறார். நாயகி வெள்ளை முகமூடியோடு தொடங்கியவர் ஆதலின், படத்தின் முதன்மைக் கேள்வியும் ‘பொறி ஏன் என்னைக் காணவில்லை?’ என்பதாகவே நிலைபெற்றுவிடுகிறது. ‘பொறி என்னை ஏன் காணவேண்டும்?’ என்ற பிறவுண்ஸ்வில் பெண்களின் கேள்வி துணைக்கதையாகிறது. முதற் கேள்வி காணப்படாதவரின் குரல். இரண்டாவது, அளவுக்குமீறிக் காணப்பட்டவரின் குரல். கூடத்தில் நின்று பிரசுரம் வழங்கியவர்களும், கதவு கதவாகத் தட்டிக் கையொப்பம் திரட்டியவர்களும் தம் வாயிலை மீட்டுக்கொண்டனர். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய விரும்பும் பார்வையாளனுக்குப் படம் சில நிமிடங்களையே தருகிறது. உள்ளடக்கம் கூட்டுப் போராட்டத்தை நாடி நிற்க, உருவம் தனிமனித வெற்றியை நாடிச் சென்றமையால் விளைந்த முரண்பாடு இது.

இனி நண்பருக்கு ஒரு வார்த்தை. துல்லியத்தைப் பற்றிய பேச்செல்லாம் மாயை என்று ஒதுக்குவது எளிது. இரவு வேலை முடிந்து, உறங்கும் குழந்தையைத் தோளிற் சுமந்து, பனியில் தன் வீட்டு வாயிலில் நிற்கும் பெண்ணை அது உள்ளே விடாது. பொறி மறுத்தால் காவலாளி யாரை நம்புவான்? பொறியைத்தான். எமது மலையகத்திற் கொழுந்து நிறுக்கும் தராசு பிழையென்று தொழிலாளப் பெண்கள் வழக்காடினால், ‘தோட்டம் உங்களுடையதாகும் வரை தராசைப் பற்றிப் பேசாதீர்’ என்று எமது நண்பர் சொல்வாரா? சொல்லமாட்டார். நிறுவை சரியாக வேண்டும் என்றே அவர்களோடு சேர்ந்து நிற்பார். நிறுத்ததை ஏட்டிற் பதிபவர் யார், கழிப்பவர் யார் என்ற கேள்வியும் அந்த வழக்காட்டின் நடுவிலேயே எழும். தராசைப் பற்றிப் பேசாதோர் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்ததை நாம் கண்டதில்லை.

ஆதலால் முகமறி பொறி ஓரிடத்தில் வைக்கப்படுமாயின், விற்பனைப் பத்திரத்தில் அச்சிட்ட நூற்றுவீதத்தை அன்றி, அந்த வாயிலில், அந்த வெளிச்சத்தில், அங்கு வாழும் முதியோரையும் சிறுவரையும் பெண்களையும் கொண்டு வெளியார் சோதித்த கணக்கைக் கேட்பது முறையாகும். உரியவரை மறுத்த தடவைகள் எத்தனை, அல்லாதவரை ஏற்றவை எத்தனை என்று தனித்தனியே கேட்க வேண்டும். எல்லைக்கோட்டை இட்டவர் யாரென்றும் கேட்க வேண்டும். முகம் கொடுக்க விரும்பாதவர் திறப்பைக் கொண்டே நுழையும் உரிமையோ இவை எல்லாவற்றுக்கும் முற்பட்டது. அமெரிக்க அரசின் உதவிபெறும் குடியிருப்புக்களில் இப்பொறிகளைத் தடைசெய்ய 2019 ஜூலையில் கொணரப்பட்ட சட்டமூலம் நிறைவேறவில்லை. நியூயோர்க் நகரம் 2021இல் இயற்றிய சட்டம், குடியிருப்பாளரின் சம்மதத்தைப் பெறவேண்டும், திரட்டிய தகவலைக் குறித்த காலத்துள் அழிக்கவேண்டும் என்கிறது. பொறியை அது தடைசெய்யவில்லை.

எமது மாணவிக்கு இப்படத்தை இரண்டாம் முறை பார்க்கும்படி கூறியுள்ளோம். வாஷிங்ரன் காட்சியை வேண்டுமானால் விட்டுவிடலாம்; புறூக்ளின் பெண்கள் பேசும் இடங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னோம். அவர்களது கட்டடத்து வாயிலில் 2019 நவெம்பரில் எந்தப் பொறியும் திருந்தவில்லை, பொறியே வரவில்லை. அடுத்த சந்திப்பில் அதுபற்றிப் பேசுவதாக மாணவி சொல்லியிருக்கிறார். நண்பரையும் அழைத்திருக்கிறோம்.